பிரஷர் மாத்திரையும் பதினேழு வளைவும்!

காலை ஐந்தரை மணி. போடிநாயக்கனூர் இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருக்கிறது. ஆனா டீக்கடை முழிச்சாச்சு, ஜீப்புகளும் முழிச்சாச்சு. கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, சேலைக்கு மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டை... பெண்கள் ஒவ்வொருத்தராக ஏறி நெருக்கியடித்து உட்கார, ஜீப் முந்தலைத் தாண்டி மலையேற ஆரம்பிக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கம் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை என்று வரிசையாக ஏலக்காய்த் தோட்டங்கள்.

இந்த ஜீப்பில் ஐம்பது வயசு அம்மா ஒருத்தர் இருக்கிறதா நினைச்சுக்குங்க. அவருக்கு பிரஷர் இருக்கு. இடுப்புச் சுருக்குப்பையில் மூணு மாத்திரை அட்டை. அதில் இரண்டைக் காலையில் வாயில் போட்டுத் தண்ணீர் குடிச்சாச்சு. மூணாவதைத் தொடவே இல்லை. நேத்தும் தொடலை. போன வாரமும் தொடலை. மறதி இல்லைங்க, ரொம்பத் தெளிவா எடுத்த முடிவு!

காரணம் ரொம்ப சிம்பிள். அது சிறுநீர் அதிகமாகப் போகவைக்கிற மாத்திரை. போட்டால் காலை முழுக்க அடிக்கடி ஒதுங்கணும். தோட்டத்தில் எங்கே ஒதுங்குறது? பக்கத்திலேயே ஆம்பளைகள் வேலை செய்றாங்க. சரிவு. அட்டைப்பூச்சி. நாலு தடவை வேலையை விட்டுப் போனால் கங்காணி முகம் மாறும். அதனால் மாத்திரைக்கு லீவு விட்டாச்சு.

அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில் பார்க்கிறாங்க. பிரஷர் 170க்கு 100. 'மூணு மாத்திரை கொடுத்தும் குறையலையே' என்று டாக்டர் இன்னொண்ணு சேர்க்கிறார், இல்லைன்னா அளவைக் கூட்டுகிறார். எழுதினதை எல்லாம் அந்தம்மா விழுங்குறாங்க என்கிற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. அந்தம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது, 'இன்னிக்காவது ஒழுங்காப் போடுவோம்' என்று எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால்? பிரஷர் சரசரவென்று இறங்கி, கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் கண் இருட்டிக் கீழே விழலாம்.

இந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கக்கூடிய ஆள் ஒருத்தர் இருக்காங்க. மாத்திரையை எண்ணிக் கையில் கொடுக்கிற நர்ஸ்!

'ஓலால்', 'பிரில்', 'டிபின்'... என்னங்க இது மந்திரம்?

நர்சிங் படிக்கிற ஃப்ரெண்ட் இருந்தால் கேட்டுப் பாருங்க. 'பார்மகாலஜி' என்றதும் முகம் ஒரு மாதிரி ஆகும். நூற்றுக்கணக்கான மருந்துப் பேர்கள். ஆனா இதயம், பிரஷர் பாடத்தில் மட்டும் பசங்க ஒரு குறுக்குவழி வெச்சிருக்காங்க. பேரோட வாலைப் பிடி! 'ஓலால்' என்று முடிந்தால் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும்: அட்டெனோலால், மெட்டோபுரோலால். 'பிரில்' என்றால் ரத்தக்குழாயைச் சுருக்குகிற ஒரு ரசாயனத்தை உடம்பு தயாரிக்கவிடாது: எனலாபிரில், ராமிபிரில். 'சார்டன்' என்றால் அதே ரசாயனம் தயாரானாலும் வேலை செய்யவிடாது: லோசார்டன், டெல்மிசார்டன். 'டிபின்' என்றால் ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும்: அம்லோடிபின், நிஃபெடிபின்.

அப்புறம் 'ஐந்து சரி'. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நர்சிங் ஸ்டூடன்ட் சொல்லணும்.

இதெல்லாம் பரீட்சைக்குப் போதும். போடி மலைச்சரிவுக்குப் போதாது. ஏன்னா அங்கே ஒவ்வொரு மாத்திரையும் கூடவே ஒரு கேள்வியைக் கூட்டிக்கிட்டு வருது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிஞ்சால்தான் பாடம் புரிஞ்சதாக அர்த்தம். நீங்க இன்ஜினீயரிங்கோ பி.காமோ படிச்சாலும் பரவாயில்லை. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே அப்பத்தாவோட மாத்திரை டப்பா இருக்கில்ல? மேட்டர் உங்களுக்கும்தான்.

ஒதுங்க இடம் இருக்கா ஆத்தா?

சிறுநீர் மாத்திரையில் ரெண்டு பெரிய ரகம். பிரஷருக்குப் பெரும்பாலும் தருவது ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி மெதுவாக வேலை செய்கிறவை. இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்தவர்களுக்குத் தருவது ஃப்யூரோசமைடு, அதாவது எல்லாரும் சொல்கிற 'லாசிக்ஸ்'. ஆறு மணி நேரம் வேலை செய்யும் என்பதை வைத்தே லாசிக்ஸுக்கு அந்தப் பேர் வந்தது என்பார்கள். ரெண்டு ரகமுமே சிறுநீரகத்திலிருந்து உப்பை வெளியேற்றும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீரும் பின்னாடியே போகும்.

பாடப்புத்தகம் 'காலையில் கொடு' என்கிறது. ராத்திரி தூக்கம் கெடக்கூடாது என்பதற்காகச் சொன்னது. நல்ல எண்ணம்தான். ஆனா எழுதினவருக்கு ஜீப் தெரியாதே!

சரி, நேரத்தை மாத்தினால் மருந்தோட பலன் குறையாதா? பிரிட்டனில் 21,104 பிரஷர் நோயாளிகளைப் பாதி பேர் காலையில், பாதி பேர் சாயங்காலம் என்று மாத்திரை போடவைத்து வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 'டைம்' என்று பேர் வைத்த அந்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அவரவருக்கு வசதியான நேரத்தில் விடாமல் போட்டால் போதும். அப்படியென்றால் ஜீப் திரும்பி வந்து, வீட்டு வாசலில் கால் கழுவின பிறகு சிறுநீர் மாத்திரையைப் போட்டுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். சாயங்காலம் நாலு, நாலரைக்குப் போட்டால் தூங்கப்போகும் முன் பெரும்பகுதி வேலை முடிஞ்சிடும். சிலருக்கு அந்த ரகத்தையே மாற்றி வேறு எழுதவும் முடியும். இது எதுவும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. 'உங்களுக்கு ஒதுங்க இடம் இருக்கா ஆத்தா?' என்று யாராவது கேட்டிருக்கணும், அவ்வளவுதான்!

இன்னொரு விஷயமும் இதே கேள்வியில் ஒட்டிக்கிட்டு வரும். ஒதுங்க இடமில்லாத பெண்கள் மாத்திரையை மட்டுமா தவிர்க்கிறாங்க? தண்ணியே குடிக்கிறதில்லை! மேலே குளிரில் தாகம் எடுக்காது. மதியத்துக்கு மேல் இறங்கி வந்தால் போடி வெயில் மண்டையைப் பிளக்கும்.

இதோடு மூணாவதாக ஒண்ணு சேருது. ஏலக்காய் மரத்தில் காய்க்காது, தெரியும்தானே? செடியின் தூரிலிருந்து தரையோடு தரையாகப் போகிற சரத்தில் காய்க்கும். குனிஞ்சோ குந்தியோதான் பொறுக்கணும், நாள் முழுக்க. இடுப்பு விட்டுப்போகும். சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பில் 'உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே' என்றால் டைக்ளோஃபெனாக் மாதிரி ஏதாவது கிடைக்கும்.

இப்போ கூட்டிப் பாருங்க. சிறுநீர் மாத்திரை ஒண்ணு. 'பிரில்' அல்லது 'சார்டன்' ஒண்ணு. வலி மாத்திரை ஒண்ணு. மூணும் மூணு வழியில் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தில் கை வைக்கிறவை. தண்ணி குடிக்காத உடம்பில் மூணும் ஒண்ணாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துக்கொள்ளலாம். டாக்டர்கள் இதுக்கு 'மும்முனைத் தாக்குதல்' என்கிற மாதிரி ஒரு பேரே வெச்சிருக்காங்க. வலி மாத்திரை எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. அதனால் டாக்டருக்குத் தெரியாது. 'வலிக்கு என்ன போடுறீங்க?' என்று கேட்கிற சிஸ்டருக்குத்தான் தெரியவரும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பாராவை வீட்டில் படிச்சுக் காட்டணும்னா இதைப் படிச்சுக் காட்டுங்க.

பாம்பு கொடுத்த மாத்திரை

ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் எதுக்குப் பயம் என்று கேட்டால், லிஸ்ட்டில் குழிவிரியன் இருக்கும். செடியோட பச்சையிலும் சருகோட பழுப்பிலும் கலந்து படுத்திருக்கும். அந்தப் பாம்போட தென் அமெரிக்கச் சொந்தக்காரன் ஒருத்தன்தான் 'பிரில்' குடும்பத்துக்கே மூதாதை என்றால் நம்புவீங்களா?

பிரேசில் நாட்டில் ஜரராகா என்றொரு குழிவிரியன். அதன் விஷத்தில் ரத்த அழுத்தத்தோடு விளையாடுகிற ஒரு பொருள் இருப்பதை செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் விஞ்ஞானி 1965-ல் வெளியிட்டார். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவின் ஸ்குவிப் கம்பெனியில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இரண்டு பேர் வாயால் விழுங்கக்கூடிய மருந்தாக கேப்டோபிரிலை உருவாக்கினார்கள். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்னிக்கு உலகம் முழுக்க விழுங்குகிற எல்லா 'பிரில்'களும் அதன் தம்பி, தங்கச்சிகள்தான்.

பாம்புப் பேச்சு வந்ததால் நம்ம ஊர்க் கதையும் ஒண்ணு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை நம் நாட்டு வைத்தியத்தில் ரொம்பக் காலமாகப் பயன்படுத்தினார்கள். அது பிரஷரைக் குறைக்கிறது என்பதை பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் ஓர் ஆங்கிலேய இதயநோய் இதழில் எழுத, மேற்கத்திய உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அதிலிருந்து வந்த ரெசர்பின் கொஞ்ச காலம் கொடிகட்டிப் பறந்தது. அப்புறம் மனச்சோர்வு வருகிறது என்று பயந்து பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

'பிரில்'லுக்கு வருவோம். இதோட குணம் என்ன தெரியுமா? வறட்டு இருமல். நூறு பேரில் 5 முதல் 20 பேருக்கு வரை வரலாம் என்கிறார்கள். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் ஏதோ அரிக்கிற மாதிரி லொக்கு லொக்கு. ஊரில் இருந்தால் பரவாயில்லை. ஏலக்காய்த் தோட்டத்தில் இருமினால்? 'மலைக் குளிர்', 'ஸ்டோர் புகை', 'மருந்து வாடை' என்று ஆளுக்கொரு காரணம். மூணு வாரம் தாண்டினால் காசநோய் சந்தேகம், சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. (இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய் பரிசோதனை கட்டாயம் செய்யணும், அதில் சந்தேகமே வேண்டாம்.) ஆனா கூடவே, 'இருமல் எப்போ ஆரம்பிச்சது? இந்த மாத்திரை எப்போ ஆரம்பிச்சது?' என்று ரெண்டு தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 'பிரில்'லை நிறுத்தி 'சார்டன்' எழுதினால் பெரும்பாலும் இருமல் போயே போச்சு. ஆனா இருமல் இல்லாமல் உதடும் நாக்கும் வீங்கினால் அது வேற லெவல் ஆபத்து. காத்திருக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

'பிரில்', 'சார்டன்' ரெண்டும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். தேனி மாவட்டத்தில் வாழைக்கும் இளநீருக்கும் பஞ்சமா? நல்ல சிறுநீரகம் இருக்கிறவர் பழம் சாப்பிடுறதில் தப்பில்லை. சிறுநீரகம் பழுதானவர் இந்த மாத்திரையையும் போட்டு, 'சூட்டுக்கு நல்லது' என்று தினம் ரெண்டு இளநீரையும் குடித்தால், ஏறுகிற பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடம்புரள வைக்கும்.

தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இளம் வயசுப் பெண்ணுக்கு இந்த ரெண்டு ரகத்தில் எதைக் கொடுப்பதாக இருந்தாலும், 'நாள் தள்ளிப் போயிருக்கா?' கர்ப்பத்தில் இந்த மருந்துகள் கூடவே கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பிணிக்கென்று லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு பட்டியல் உண்டு.

கிரேப்ஃப்ரூட்டுன்னா திராட்சை இல்லீங்க!

'டிபின்' வகையில் அம்லோடிபின்தான் சூப்பர் ஸ்டார். விலை குறைவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். இதோட தொல்லை கணுக்கால் வீக்கம். நாள் முழுக்கச் சரிவில் நிற்கிறவருக்கு, 'நின்னு நின்னு கால் வீங்கிருச்சு' என்றுதான் தோணும். சிலர் 'கிட்னி போயிருச்சு, மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துச்சு' என்று பயந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்த வீக்கம் அம்லோடிபின் ரத்தக்குழாயை விரிப்பதால் வருவது. அளவைக் குறைத்தால், மருந்தை மாற்றினால் வடிந்துவிடும். வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அது இதயம் அடிக்கிற மணி. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் நர்ஸ் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திவிட்டு, 'ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்குறீங்க?' என்று கேட்கிறார். தலையணைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இனிமே சிரிக்க மாட்டீங்கதானே?

இங்கே ஒரு காமெடி. இந்த மருந்துகளில் சிலதோடும், கொழுப்பைக் குறைக்கிற அட்டோர்வாஸ்டாடின் மாதிரி மாத்திரைகளோடும் 'கிரேப்ஃப்ரூட்' ஜூஸ் நிறைய குடிக்கக்கூடாது என்று இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கும். அவசரத்தில் படிக்கிற மாணவர் அதை 'திராட்சை' என்று மனசில் மொழிபெயர்த்துக்கொண்டு, கம்பம் பள்ளத்தாக்கில் போய் 'திராட்சை சாப்பிடாதீங்க' என்றால் எப்படி இருக்கும்? பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே வாங்கின ஊருங்க அது! கிரேப்ஃப்ரூட் என்பது நம்ம பம்பளிமாஸுக்குச் சொந்தமான ஒரு பெரிய புளிப்புப் பழம். திராட்சை பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

எந்த மருந்து அடிச்சீங்க?

'ஓலால்' மருந்துகளைக் கண்டுபிடித்த பாதையைப் போட்டுக்கொடுத்தவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1960-களில் அவர் கொடுத்த புரோபுரனோலால் இதய வைத்தியத்தையே புரட்டிப் போட்டது. 1988-ல் நோபல் பரிசு. இந்த மாத்திரை கொடுக்கும் முன் நாடித்துடிப்பு பார்க்கணும். நிமிஷத்துக்கு 60-க்குக் கீழே போனால் கையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்கணும் என்பது வழக்கமான பாடம். ஆஸ்துமா உண்டா என்று கேட்கணும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வருகிற படபடப்பை இது மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லணும். முக்கியமாக, 'நல்லாயிருச்சே' என்று ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. அடக்கிவைத்த குதிரை கயிறு அறுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இதயம் ஓடும்.

மலைச்சரிவில் இதுக்கு இன்னொரு கேள்வி கூடுது. அங்கே 'மருந்து' என்றால் ரெண்டு அர்த்தம். விழுங்குகிறது ஒண்ணு, செடிக்கு அடிக்கிறது ஒண்ணு. பூச்சிமருந்தில் ஆர்கனோபாஸ்பரஸ் வகை உடம்பில் ஏறினால் நாடி மெதுவாகும், கண்மணி குறுகும், எச்சிலும் வியர்வையும் பெருகும். 'ஓலால்' சாப்பிடுகிற ஒருத்தர் நாடி 48-ல் வந்து உட்கார்ந்தால் மாத்திரை மேல் பழியைப் போடுவது ஈஸி. 'நேத்து மருந்து அடிக்கப் போனீங்களாண்ணே?' என்று கேட்டுவிட்டுக் கண்ணை டார்ச் அடித்துப் பார்க்கிறவர்தான் உயிரைக் காப்பாத்துவார். ஏன்னா அதுக்கு வைத்தியமே வேற. அட்ரோபின் ஊசி உடனே போடணும்.

டிஜாக்சினையும் இதே வரிசையில் சொல்லிடுறேன். 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய டாக்டர் எழுதின நரிக்கையுறைச் செடிக் கதை இதன் மூலம். ரொம்பக் குறுகின பாதுகாப்பு எல்லை. கொஞ்சம் கூடினாலும் விஷம். அதனால்தான் கையில் நாடி பிடிக்காமல் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பசி எடுக்கலை, குமட்டுது, எல்லாம் மஞ்சளாத் தெரியுது என்றால் அடுத்த மாத்திரை கிடையாது.

நாக்குக்கு அடியில்... உட்கார்ந்துக்கிட்டு!

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டைச் சினிமாவில் பார்த்திருப்பீங்க. ஹீரோவோட அப்பா நெஞ்சைப் பிடிப்பார், யாரோ ஓடிவந்து வாயில் போடுவாங்க. சினிமாவில் காட்டாத விஷயம், இதை உட்கார வைத்துத்தான் கொடுக்கணும். ரத்தக்குழாய் குப்பென்று விரிந்து பிரஷர் இறங்கும். நின்னுக்கிட்டே போட்டால் மயங்கி விழலாம். அதுவும் ஏலத்தோட்டச் சரிவில் விழுந்தால் எங்கே போய் நிற்போம்?

இதுக்கான கேள்விதான் இருபத்தோரு வயசு சிஸ்டருக்கு ரொம்பக் கஷ்டம். 'ஐயா, ஆண்மைக்கு ஏதாவது மாத்திரை போட்டிருக்கீங்களா?' வயாகரா வகை மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். பக்கத்தில் மருமகள் நிற்கும்போது எந்தப் பெரியவர் பதில் சொல்வார்? சொந்தக்காரங்களைத் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டுக் கேட்கணும். இது எந்த சிலபஸிலும் இல்லை, சீனியர் சொல்லிக்கொடுத்தால் உண்டு.

பதினாலு மாத்திரை

மாரடைப்பில் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நிமிஷம். மலை மேலே நெஞ்சு வலி வந்தால், 17 வளைவு இறங்கணும். போடியிலிருந்து தேனி, தேனியிலிருந்து க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இதை நினைச்சுப் பார்த்தால்தான் 2023 ஜூனில் தமிழக அரசு ஆரம்பித்த 'இதயம் காப்போம்' திட்டத்தோட அருமை தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னாடியே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் டோஸ் கையில் கிடைக்கணும் என்பதுதான் ஐடியா. ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் 4, அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8. ஆக மொத்தம் 14 மாத்திரை. முதல் ரெண்டும் ரத்தக்கட்டி பெருசாகாமல் தடுக்கும். மூணாவது குழாயில் படிந்த கொழுப்பு மேலும் உடையாமல் பார்த்துக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சால் நீங்களே பதினாலை எண்ணிக் கொடுத்துடாதீங்க ப்ளீஸ்! வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிகிறவருக்கும், பக்கவாதத்தில் மூளையில் ரத்தம் கசிகிறவருக்கும் இதே மாத்திரை எமன். அதனால்தான் கொடுக்கும் முன் 'மலம் கறுப்பாப் போகுதா? ஆஸ்பிரின் ஒத்துக்காம போயிருக்கா?' என்ற கேள்விகள். உங்க வேலை, அசையவிடாமல் உட்காரவைத்து 108-க்கு அடிப்பது. இல்லைன்னா கிடைக்கிற வண்டியில் பக்கத்து சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போவது.

கதவைத் தட்டினால் ஆள் இல்லை

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. 2024-ல் ஐ.நா. சபையின் விருதும் வாங்கியது. நியாயமான விருதுதான். உலகத்தில் பிரஷர் இருக்கிற 140 கோடிப் பேரில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களுக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. மாத்திரை விடாமல் கையில் கிடைப்பதே பாதி வெற்றி.

ஆனா ஐந்தரை மணிக்கு ஜீப் ஏறுகிறவர் வீட்டில் பகல் பதினோரு மணிக்கு யார் இருப்பா? பூட்டுதான். பிரஷர் பார்க்கணும்னா சாயங்காலம் வரணும், இல்லைன்னா தோட்டத்துக்கு லீவு விட்ட நாள் வரணும். ஜீப்பிலிருந்து குதிச்ச உடனே பார்த்தாலும் பிரயோஜனமில்லை. அஞ்சு நிமிஷம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, பேசாமல் இருக்கச் சொல்லி, கையை இதயத்தின் உயரத்துக்கு வைத்து, சட்டைக் கைக்கு மேலே சுத்தாமல் பட்டையை நேரடியாகத் தோலில் சுத்தி... அதுக்கும் முன்னாடி, 'ஒதுங்கிட்டு வந்துடுங்க ஆத்தா.' நிறைஞ்ச மூத்திரப்பையே பிரஷரைக் கூட்டிக்காட்டும். பகல் முழுக்க அடக்கிவைத்த உடம்பில் பார்க்கிற அளவை வைத்து மாத்திரையைக் கூட்டினால், மறுபடி அதே பழைய கதை.

நர்சிங்கில் 'மாத்திரை எண்ணுதல்' என்று ஒரு முறை இருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செஞ்சு பாருங்க. ஒண்ணாம் தேதி 30 மாத்திரை வாங்கினது, இன்னிக்கு 20-ம் தேதி என்றால் டப்பாவில் 10 இருக்கணும். 17 இருக்கா? 'ஏன் போடலை?' என்று அதட்டினால் 'போட்டேனே' என்றுதான் பதில் வரும். 'எந்தெந்த நாள் போட முடியலை அப்பத்தா?' என்று கேளுங்க. கொஞ்ச நேரம் யோசிச்சு, வெத்தலையை ஓரமா ஒதுக்கிக்கிட்டு, "காட்டுக்குப் போற அன்னிக்குப் போடுறதில்லடா"ன்னு சொல்வாங்க.